கோப்பி இலையும் காசுத்தாளும்

1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் தன் கொடுப்பனவுகளை நிறுத்திற்று. அச்செய்தி தந்திவழியே கொழும்புக்கும், அங்கிருந்து கண்டிக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையில் அன்று வழங்கிய காசுத்தாள்களுட் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவையே. அரசாங்கத்தின் பெயரால் வெளியான தாள் அக்காலத்தில் புழக்கத்தில் இல்லை. கோப்பி விற்றுப் பணங்கண்ட கிராமத்தவனும், மாதச் சம்பளம் பெற்ற எழுதுவினைஞனும், கண்டிக் கடைவீதியில் அரிசி விற்ற வணிகனும் மடியில் முடிந்துவைத்திருந்தது, கேட்டவுடன் நாணயம் தருவதாக ஒரு வங்கி எழுதிக்கொடுத்த வாக்குறுதி மாத்திரமே. அவ்வாக்குறுதி ஒரே நாளில் ஐயத்துக்கு உரியதாயிற்று.

கைப்பேசியில் விரலால் தொட்டுப் பணம் அனுப்பும் இக்காலத்தில் நிதித் தொழில்நுட்பம் என்னும் சொல் எங்கும் அடிபடுகின்றது. அதனைப் புகழ்வோரும் பலர்; அஞ்சுவோரும் பலர். அதன் ஆபத்துகள் உலகம் முன்பு கண்டறியாதன என்று பேசுவோரும் உளர். கண்டிச் சீமையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர் அவ்வாறு கூறத் தயங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்கிக் காசுத்தாளும் இத்தகைய புதுமையே. பாரமான வெள்ளி நாணயத்தை மாட்டுவண்டியில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுசெல்வதற்குப் பதிலாக, ஒரு தோட்டத்துரை தன் சட்டைப்பையில் ஆயிரக்கணக்கான உரூபாவைக் கொண்டுசெல்ல அது வழி செய்தது. கோப்பிச் செய்கை அத்தனை விரைவாகப் பரவியதற்கு மண்ணும் மழையும் மாத்திரம் காரணமல்ல. கடனும் தாளும் அதற்குத் துணைநின்றன.

அக்கதை தொடங்கியது பேராதனையில். மகாவலி கங்கை வளைந்து சூழ்ந்தோடும் நிலத்தில் 1821ஆம் ஆண்டு அரச தாவரப் பூங்கா நிறுவப்பட்டது. ஆற்றின் மறுபுறத்துக் கன்னொறுவையில் தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே ஒரு கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் ஏறத்தாழ அதே காலத்தில் தோட்டம் அமைத்தார். கோப்பிக்கு ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. தீர்வையை நீக்கிய ஆட்சியாளரே தோட்டத்தின் சொந்தக்காரருமாக இருந்தார் என்பதை இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும். அவருக்குப் பின் வந்த உத்தியோகத்தரும் அவர் காட்டிய வழியே சென்றனர். நீதிபதிகள், படை அதிகாரிகள், அரசாங்க அதிபர்கள் முதலியோர் தம் சேமிப்பையும் கடன்வாங்கிய பணத்தையும் காட்டில் இட்டனர். ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு முடிக்குரிய நிலம் விற்கப்பட்டது. 1841ஆம் ஆண்டில் மாத்திரம் 78,000 ஏக்கருக்கு மேல் விற்பனையாயிற்று. விற்பதற்கு விதி செய்வோரும் விலைகொடுத்து வாங்குவோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அக்காலத்தில், இந்த வேகம் தகுமா என்று வினவுவதற்கு எவருக்கும் பயனிருக்கவில்லை. 1844ஆம் ஆண்டில் நிலத்தின் தொடக்க விலை ஏக்கருக்கு இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. உத்தியோகத்தர் தோட்டத் தொழிலில் ஈடுபடுவதும் ஏறக்குறைய அக்காலத்திலேயே தடுக்கப்பட்டது. அதற்குள் நல்ல நிலத்தின் பெரும்பகுதி கைமாறிவிட்டது.

அந்த 1841ஆம் ஆண்டிலேதான் இலங்கை வங்கி என்ற பெயருடன் ஒரு வங்கி கொழும்பில் தோன்றியது. இன்றுள்ள இலங்கை வங்கி வேறு. அது 1939இல் பிறந்தது. பழைய வங்கி கோப்பிக்குக் கடன் கொடுத்தது, கோப்பியோடு தளர்ந்தது. 1847ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் வணிக நெருக்கடி மூண்டது. கோப்பியின் விலை வீழ்ந்தது. குடியேற்ற நாட்டுக் கோப்பிக்கு அங்கே கிடைத்துவந்த தீர்வைச் சலுகையும் குறைந்துகொண்டே சென்றது. தோட்டங்கள் போட்ட முதலில் ஒரு சிறு பங்குக்கு விலைபோயின. சில கைவிடப்பட்டுக் காடாயின. அரசாங்கத்தின் வருமானம் குறையவே, தேசாதிபதி தொறிங்டன் பிரபு துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். 1848ஆம் ஆண்டு மாத்தளையிலும் குருணாகலிலும் மூண்ட கலகத்தை வரலாற்று மாணவர் அறிவர். கோப்பிச் சூதாட்டத்தில் ஒரு சதமும் இடாத கிராமத்தவனே அதன் நட்டத்தில் ஒரு பங்கை இறுக்கும்படி கேட்கப்பட்டான் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

தளர்ந்த பழைய வங்கியை விழுங்கிக்கொண்டதே ஓரியன்டல் வங்கி. பம்பாயிலே 1842இல் பிறந்து, இலண்டனுக்குத் தலைமையிடத்தை மாற்றி, 1851ஆம் ஆண்டில் அரச பட்டயமும் பெற்றுக் கிழக்கு நாடுகள் எங்கணும் கிளை பரப்பிய நிறுவனம் அது. பட்டயம் பெற்ற வங்கி என்றாற் கட்டுப்பாடு இல்லாத வங்கி அன்று. குடியேற்ற நாட்டு வங்கிகளுக்குப் பிரித்தானியத் திறைசேரி வகுத்த விதிகள் ஏட்டில் மிகத் தெளிவானவை: நிலத்தையும் வீட்டையும் ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தல் ஆகாது, தன் பங்குகளின் பேரிலேயே கடன் வழங்குதல் ஆகாது. நிலம் அவசரத்துக்குக் காசாகாது, தாளுடையவன் காசைக் கேட்கும்போது வங்கி காட்டைக் காட்ட முடியாது என்பதே அவ்விதியின் கருத்து. இதனிலும் நல்ல விதியை இன்றைய மேற்பார்வையாளரும் எழுதிவிட முடியாது. ஆயினும் கோப்பி நாட்டில் அவ்விதி வளைந்தது. கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்களின் ஊடாக, மரத்தில் இருக்கும் விளைச்சலின் பேரிற் கடன் வழங்கப்பட்டது. விளைச்சல் தவறியபொழுது கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டும் தவறியபொழுது தோட்டமே வங்கியின் கைக்கு வந்தது. ஈற்றில் வங்கி வீழ்ந்தபொழுது அதன் சொத்தென நின்றவற்றுள் மலைநாட்டுத் தோட்டங்களும் இருந்தன. சட்டம் மீறப்பட்ட நாள் இதுவென எவராலும் சுட்டிக்காட்ட இயலாத வகையில் அது நிகழ்ந்தது.

இனி இலையின் கதை. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. நோயுற்ற இலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் என்பாரிடம் வந்தன. அவர் அவற்றை இங்கிலாந்திலே பூஞ்சண ஆய்வில் வல்லவரான பேர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அவ்வாண்டிலேயே அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்டது. பாழ்செய்வது என்னும் பொருள் அப்பெயரின் பிற்பகுதியிலேயே பொதிந்துள்ளது. துவைற்ஸ் அமைதியான மனிதர். பூங்காவை விட்டு வெளியே செல்வதை அதிகம் விரும்பாதவர். நோய் பரவும் என்பதைத் தொடக்கத்திலேயே அவர் உணர்ந்து அரசாங்கத்துக்கு அறிவித்தார். தோட்டத்துரைமாருக்கு அப்பேச்சு உவப்பாக இருக்கவில்லை. உரம் போதாமை என்றனர் சிலர். மழை தவறியமை என்றனர் வேறு சிலர்.

அவர்களை முற்றாகக் குறைகூறுதலும் நியாயமன்று. ஏனெனில் அவர்களுடைய கணக்கேடு வேறொன்றைச் சொல்லிற்று. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் ஆண்டுதோறும் குறைந்துவந்தபோதிலும், 1870களில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை ஏறிக்கொண்டே சென்றது. குறைந்த கோப்பிக்கு மிகுந்த பணம் வந்தது. நோய் இலையில் இருந்தது, ஏட்டில் இல்லை. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதப் பாதை உயரமான மலைகளையும் எட்டக்கூடியனவாக்கியது. நலிந்த தோட்டங்களுக்கு ஈடாகப் புதிய காடு வெட்டப்பட்டது. 1878ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 275,000 ஏக்கரிற் கோப்பி நின்றது. நோய் தோன்றியபின் ஒன்பதாண்டுகள் கழிந்த நிலையில், முன்னெப்போதையும்விடப் பரந்த நிலத்தில் அந்நோயேற்கும் ஒரே செடி நடப்பட்டிருந்தது என்பது இக்கதையில் மிக வியப்பூட்டும் பகுதியாகும். கடன் கொடுத்தோர் விலையைப் பார்த்தே கொடுத்தனர். பேராதனையிலிருந்த அறிவு நான்கு மைல் தொலைவிலுள்ள கண்டியின் வங்கி மேசைகளை எட்டவில்லை.

1880ஆம் ஆண்டில் ஹரி மாஷல் வோட் என்ற இளம் அறிஞர் இந்நோயை ஆராய்வதற்கென்று இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் உழைத்தார். காற்றில் பறக்கும் நுண்வித்துகளால் நோய் பரவுகின்றது என்பதையும், இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பியதே அதற்கு வாய்ப்பாயிற்று என்பதையும் தெளிவாக நிறுவினார். மருந்து கேட்டவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. தாவர நோயியலின் வளர்ச்சியில் அவருடைய ஆய்வுக்கு உயர்ந்த இடமுண்டு. தோட்டத்துரைமாருக்கு அது காலங்கடந்து வந்த விளக்கமாயிற்று. அதற்குள் விலையும் வீழத் தொடங்கிவிட்டது. பிரேசில் நாட்டுக் கோப்பி சந்தையை நிரப்பிற்று. மொரீசியசின் கரும்புத் தோட்டங்களிலும் ஓரியன்டல் வங்கி பெருந்தொகையை முடக்கியிருந்தது. எனவே 1884இல் அது வீழ்ந்தமை திடீர் நிகழ்ச்சி அன்று.

அம்மாதத்திலே தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன். தோட்டத்துரைமாருக்கும் அவருக்கும் இடையே பெரிய நட்பு இருந்ததில்லை. மக்கள் தாளை ஏற்கத் தயங்குகின்றனர் என்பதையும், தாள் நின்றால் அரிசி வணிகம் நிற்கும் என்பதையும், அரிசி நின்றால் மலைநாடு பட்டினியுறும் என்பதையும் அவர் விரைவில் விளங்கிக்கொண்டார். ஓரியன்டல் வங்கியின் காசுத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். இலண்டனிலிருந்து முன்னனுமதி பெறாமல், தம் பொறுப்பிலேயே அவர் அதனைச் செய்தார். தனியார் வங்கி ஒன்றின் வாக்குறுதியைப் பொதுப்பணத்தால் தாங்குவது எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அனுமதி பின்னர் வந்தது. பீதியும் தணிந்தது.

அவ்வாண்டிலேயே 32ஆம் இலக்க நாணயத்தாள் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. காசுத்தாள் வெளியிடும் உரிமை வங்கிகளிடமிருந்து நீங்கி நாணய ஆணையாளர் சபையிடம் சென்றது. 1885 முதல் அரசாங்கத் தாள் புழக்கத்துக்கு வந்தது. வெளியிடும் தாளுக்கு ஈடாக ஒரு பங்கு வெள்ளி நாணயமாகவும் மறு பங்கு பிணைப்பத்திரங்களாகவும் ஒதுக்கிவைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஒதுக்கைக் கோப்பிக்கோ வேறெதற்கோ கடனாகக் கொடுக்க வழியில்லை. 1950ஆம் ஆண்டு மத்திய வங்கி தோன்றும்வரை இச்சபையின் பணி நீடித்தது. புதுமை தடைசெய்யப்படவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தாள் தாளாகவே இருந்தது. முன்னிலும் பரவலாக வழங்கிற்று. அதன் பின்னால் நின்ற பொருளை வேறொருவர் கையில் பூட்டி வைத்ததே மாற்றம்.

கோர்டன் காத்தது தாளை வைத்திருந்தவர்களை. வங்கியிற் பணம் வைப்புச் செய்தவர்கள் கலைப்பாளரின் கணக்கை எதிர்நோக்கியிருந்தனர். அவர்களினும் தாழ்ந்த நிலையில் இன்னொரு கூட்டத்தார் இருந்தனர். இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சிராப்பள்ளியிலுமிருந்து மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளர் அவர்கள். தோட்டம் நொடித்தால் அவர்களுடைய கூலி நிலுவையாகவே நின்றுவிடும். ஈட்டுக்காரனும் முகவனும் முந்திக்கொள்வர். 1884ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு கட்டளைச் சட்டம் தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின் மீதான முதற்கடனாக ஆக்கிற்று. நாணயத்தாள்ச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நாட்டு நிதியின் ஒழுங்குக்கு அதுவும் அத்துணை இன்றியமையாதது.

ஆனால் அத்தொழிலாளரின் கையில் வேறொரு தாளும் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கங்காணிமார் அதனைக் கொண்டு தோட்டந்தோட்டமாகப் பேரம்பேசினர். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து மேலும் முற்பணம் கொடுக்கும். அக்கடன் மீண்டும் தொழிலாளியின் தலையில் ஏறும். கடனுக்கு ஈடாக மனிதனின் உழைப்பையே கைமாற்றிய இத்தாளும் அக்காலத்தில் வசதியான ஏற்பாடு என்றே மெச்சப்பட்டது. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டம் அதனை ஒழித்தது. வங்கித்தாளின் குறையைத் திருத்தச் சில மாதங்கள் போதியவாக இருந்தன. துண்டுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. முன்னதாற் கலங்கியவர்களுள் வணிகரும் உத்தியோகத்தரும் இருந்தனர் என்பதைத் தவிர இவ்வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேடுவது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறலாம். ஐரோப்பிய வங்கிகள் இலங்கையருக்கு நேரே கடன் கொடுப்பது அரிதாக இருந்தது. சிறாப்பரின் பிணையில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்குக் கொடுத்தன. செட்டிமார் ஊரவருக்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டில் பெரிய செட்டி நிறுவனம் ஒன்று முறிந்ததும் வங்கிகள் கடனைச் சுருக்கின. அதன் தாக்கம் கடைவீதி எங்கும் உணரப்பட்டது. சேர் சொராப்ஜி பொச்சகானவாலாவின் தலைமையில் 1934இல் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கியும், விடுதலைக்குப்பின் 1950இல் மத்திய வங்கியும் தோன்றின.

மத்திய வங்கி இருந்தும் 2008ஆம் ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம் வீழ்ந்தது. அட்டை அக்காலத்தின் கவர்ச்சிப் பொருள். அந்நிறுவனம் உயர்ந்த வட்டி தருவதாகக் கூறி ஏறக்குறைய 9,000 பேரிடம் வைப்புப் பெற்றிருந்தது. வைப்புப் பெறும் நிறுவனமாக அது மத்திய வங்கியிற் பதிவு பெற்றிருக்கவில்லை. வைப்பாளருட் பலர் ஓய்வூதியப் பணத்தை இட்ட முதியோர். அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியிலும் மக்கள் பணம் மீட்கத் திரண்டனர். மத்திய வங்கி தலையிட்டு அவ்வங்கியின் நிருவாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. கோர்டனின் நாட்களை இது நினைவூட்டும். உரிமம் பெற்ற வங்கியின் பணம் காக்கப்பட்டது. கோல்டன் கீயில் இட்டவர்கள் நீண்ட காலம் நீதிமன்ற வாயிலில் நின்றனர்.

கைப்பேசிப் பணத்துக்கு வழி திறந்தபொழுது இவ்வனுபவம் ஓரளவு பயன்பட்டது எனலாம். 2005ஆம் ஆண்டின் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் அதற்கு அடித்தளமாயிற்று. 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வழிகாட்டல்களின்படி, தொலைபேசி நிறுவனம் ஒன்று கைப்பேசிப் பணச்சேவை நடத்துமாயின், மக்கள் செலுத்திய பணத்தை உரிமம் பெற்ற வங்கியில் தனியான பொறுப்புக் கணக்கில் வைத்தல் வேண்டும். திரையில் தோன்றும் ஒவ்வோர் உரூபாவுக்கும் அக்கணக்கில் ஓர் உரூபா இருத்தல் வேண்டும். 2012இல் தொடங்கிய ஈசி கேஷ் சேவை இம்முறையிலேயே நடைபெற்றது. நாணய ஆணையாளர் சபையின் பெட்டியே வேறு வடிவில் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. 2020இல் மத்திய வங்கி புதிய நிதித் திட்டங்களுக்கெனப் பரிசோதனைக் களம் ஒன்றையும் ஏற்படுத்திற்று. சில வாடிக்கையாளர், சிறு தொகை, குறித்த காலம் என்ற எல்லைக்குள் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தபின்னரே நாடு முழுவதற்கும் திறந்துவிடுவது அதன் நோக்கம். செடியை நாற்றுமேடையில் வைத்துப் பார்க்கும் பேராதனைப் பூங்காவின் பழைய வழக்கத்துக்கு இது உறவானது.

ஆயினும் களத்துக்குள் வர விரும்புவோரையே அக்களம் சோதிக்கும். மெய்நிகர் நாணயங்களுக்குத் தன் உரிமம் எதுவும் இல்லை என மத்திய வங்கி 2018இலும் 2021இலும் 2022இலும் மக்களை எச்சரித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் உரூபாவின் பெறுமதி வீழ, சேமிப்பைக் காக்க வழிதேடியோரை இத்தகைய நாணயங்களின் பெயராலும் கைப்பேசிச் செயலிகளின் பெயராலும் நடந்த பிரமிட் திட்டங்கள் கவர்ந்தன. புதிதாகச் சேருவோரின் பணமே பழையவரின் இலாபமாகக் காட்டப்படும் திட்டங்கள் அவை. உறவினரையும் அயலவரையும் சேர்த்துவிட்டவர்கள் பெரும்பாலும் தாமும் நம்பியே சேர்த்தனர். 1870களில் காடு வெட்டியவர்களும் நம்பியே வெட்டினர். இவற்றைத் தடைசெய்யும் பிரிவு 2005ஆம் ஆண்டிலேயே வங்கித்தொழிற் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அப்பிரிவை மீறிய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்ட ஆண்டு 2023.